காரைக்கால் ரேடாருக்குப் பின்னால் ஒரு கல்தச்சர் வீட்டுப் பையன்!

வங்கக்கடலில் புயல் சின்னம்னு நியூஸ் வந்தால், பூம்புகார் பக்கம் போட்டைக் கடலில் இறக்கலாமா, கரையிலேயே கட்டிப்போடலாமா என்பதுதான் முதல் கேள்வி. உடனே நம்ம போனில் வந்து விழுவது காரைக்கால் டாப்ளர் ரேடார் படம். டாப்ளர்னா ஏதோ கம்பெனி பேர்னு நினைச்சீங்களா? அது ஒரு மனுஷனோட பேர்.

கிறிஸ்டியன் டாப்ளர், 1803-ல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். குடும்பத் தொழில் கல் வேலை. உடம்பு அதுக்கு ஒத்துழைக்காததால் படிக்கப் போனார். படித்தும் நிலையான வேலை இல்லை. பஞ்சாலையில் கணக்கு எழுதினார். 1835-ல் சாமான்களை விற்றுவிட்டு அமெரிக்காவுக்கே கிளம்பத் தயாரானபோது, பிராக் நகரில் வாத்தியார் வேலை கிடைத்தது.

அங்கேதான் 1842 மே 25-ல் தன் கருத்தைச் சொன்னார். ஹாரன் அடிச்சுக்கிட்டே பஸ் நெருங்கும்போது சத்தம் கீச்சென்று இருக்கும்; தாண்டிப் போனதும் இறங்கிடும் இல்லையா? ஒலி, ஒளி எல்லா அலைக்கும் இந்தக் கணக்குதான். நட்சத்திரங்களின் நிறத்துக்கும் இதுவே காரணம்னு அவர் சொன்னது மட்டும் தப்பு.

பைஸ் பாலட் என்ற டச்சு விஞ்ஞானி இதைச் சோதிக்க ரயிலில் ட்ரம்பெட் கலைஞர்களை ஏற்றினார். 1845 பிப்ரவரியில் பனிப்புயல் கெடுத்தது (வானிலைக்கே பொறுக்கலை போல!). ஜூனில் நிரூபணம் ஆச்சு.

ரேடாரும் இதைத்தான் செய்யுது. அது அனுப்பும் அலை மழைத்துளியில் பட்டுத் திரும்பும். துளியைக் காற்று ரேடாரை நோக்கித் தள்ளினால் அதிர்வெண் கூடும், விலக்கினால் குறையும். குறுக்கே வீசும் காற்று நேரடியாகத் தெரியாது. அதனால் சுற்றிச் சுற்றிப் பார்த்து, தரைக்கு மேலே எந்த உயரத்தில் என்ன காற்று என்று கணக்கு போடுவார்கள். 2018 நவம்பரில் கஜா புயலைக் காரைக்கால் ரேடார் இப்படித்தான் பின்தொடர்ந்தது.

இதையெல்லாம் டாப்ளர் பார்க்கவில்லை. வியன்னா பல்கலைக்கழகத்தில் பெரிய பதவி கிடைத்த கொஞ்ச வருஷத்திலேயே நுரையீரல் நோய் முற்றி, 1853 மார்ச்சில் வெனிஸில் இறந்தார். வயது 49.

அந்த பைஸ் பாலட் பின்னாளில் காற்றுக்கும் ஒரு விதி சொன்னார்: நம்ம பக்கத்தில், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் காற்றழுத்தத் தாழ்வு இடது கைப்பக்கம் இருக்கும். புயல் கூண்டு ஏற்றின அன்னைக்கு மட்டும் இதை டெஸ்ட் பண்ணக் கடற்கரைக்குப் போயிடாதீங்க!