ஊரைப் பள்ளிக்கு அழைத்தவர்

கல்யாண் நிலையத்தை விட்டு வெளியேறும் இருப்புப்பாதை இரண்டாகப் பிரிவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். ஒன்று கசாரா மலையேறி வடபுலம் நோக்கிச் செல்வது. மற்றொன்று கர்ஜத், புனே வழியாகத் தென்னாட்டைச் சென்றடைவது. இக்காலனியில் வாழும் நம் குடும்பங்களுள் பலவற்றின் முதல்வர் அத்தென்பாதையில் வந்து இறங்கியவரே ஆவர். 1960-களில் வந்தவர்களின் தகரப்பெட்டியில் இரண்டு வேட்டியும் ஒரு போர்வையும், அவற்றினடியில் மடித்து வைத்த பள்ளியிறுதிச் சான்றிதழும் இருந்தன. அச்சான்றிதழே இரயில்வேயிலும் ஆலைகளிலும் அலுவலகங்களிலும் அவர்கட்கு வாயில் திறந்தது. தந்தைக்குக் கிட்டாத அவ்வேடு மகனுக்கு எங்ஙனம் கிட்டியது என்று ஆராயப் புகின் சில பெயர்கள் முன்வந்து நிற்கும். காமராசர் பெயரை அறியாதார் நம்மில் இலர். அவர்க்கு வலக்கையாய் நின்ற கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்களைப் பெரியவர்கள் அறிவர். இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் அறியார். ஆகவே அவர் வரலாற்றை இம்மலரில் எழுத முற்பட்டோம். இதற்கு வேறொரு காரணமும் உண்டு; அதனை இறுதியில் கூறுவோம்.

காஞ்சிபுரத்தை அடுத்த நெய்யாடுபாக்கம் என்னும் சிற்றூரில் 1912-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள் அவர் பிறந்தார். பெயருக்கு முன் நிற்கும் எழுத்துகளுள் முதலாவது அவ்வூரைக் குறிப்பது. இரண்டாவது தந்தை துரைசாமியைக் குறிப்பது. சிற்றூர்ப் பிள்ளையாகத் தொடங்கிக் காஞ்சிபுரத்திலும் பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். மாணவப் பருவத்திலேயே சுயமரியாதைக் கொள்கையில் பற்றுக் கொண்டார்; காந்தியடிகளிடத்தும் அவருக்கு ஈடுபாடு இருந்தது. இவ்விரண்டும் ஓர் உள்ளத்தில் எவ்வாறு ஒருங்கே குடியிருந்தன என வியப்போர் உளர். சாதி ஒழிய வேண்டும், எளியவன் எழ வேண்டும் என்னும் இடத்தில் அவை அவருள் ஒன்றாயின என்றே நாம் கருதுகிறோம். குத்தூசி குருசாமியின் துணைவியார் குஞ்சிதம் அம்மையாரின் தங்கை காந்தம்மாவைச் சாதி கடந்து, சடங்கின்றிச் சுயமரியாதை முறையில் மணந்தார். அரசுப் பணியில் இருப்பவர் அக்காலத்தில் அங்ஙனம் மணந்துகொள்ளத் துணிவு வேண்டும்.

கல்வித்துறையில் அவர் ஏறிய முதற்படி இளம் துணை ஆய்வாளர் பதவி. அக்கால ஆய்வாளர் வருகை எத்தகையது என்பதை மூத்தோர் அறிவர். ஆய்வாளர் வருகிறார் என்ற செய்தி ஊருக்குள் புகுமுன் பள்ளிக்கூடம் சாணமிட்டு மெழுகப்பெறும், வாராத பிள்ளைகளைத் தேடிப்பிடித்து அமர்த்துவர், வாத்தியாருக்குக் கைநடுங்கும். ஆய்வாளர் குறை எழுதுவார், போவார். கூரை ஒழுகுகிறது என எழுதப்பெற்ற குறிப்பு அடுத்த ஆண்டும் ஏட்டில் இருக்கும். கூரையும் ஒழுகிக்கொண்டே இருக்கும். குறையை எழுதும் கைக்கும் குறையைப் போக்கும் கைக்கும் இடையே பாலமில்லை. அவ்வேலையில் ஊர்ஊராக அலைந்தவர் பிற்காலத்தில் அப்பாலத்தைக் கட்ட முனைந்தது இயல்பேயன்றோ?

1954-ஆம் ஆண்டு தமிழகக் கல்வி வரலாற்றில் ஒரு திருப்பம். முந்திய ஆண்டில் இராசாசி அரசு கொண்டுவந்த அரைநேரப் படிப்புத் திட்டம் நாடெங்கும் எதிர்ப்பைக் கிளப்பியது. ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார், அத்திட்டம் கைவிடப்பெற்றது. அவ்வாண்டிலேயே, நாற்பத்திரண்டு அகவை நிரம்பாத சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக அமர்த்தப்பெற்றார். கல்வியமைச்சர் சி. சுப்பிரமணியம். ஒரு மைல் தொலைவுக்குள் தொடக்கப்பள்ளியும் ஐந்து மைல் தொலைவுக்குள் உயர்நிலைப்பள்ளியும் அமைய வேண்டும் என்பது இலக்காயிற்று.

பள்ளியைத் திறந்துவிடலாம், பசித்த பிள்ளையை அதில் இருத்துவது எங்ஙனம்? பகலுணவு அளிக்க வேண்டும் என்று முதலமைச்சர் விரும்பினார். பணத்துக்கு வழி எங்கே என்று அதிகாரிகள் தயங்கினர். கோப்பு நகரும்வரை இயக்குநர் காத்திருக்கவில்லை. ஆசிரியர்களை அழைத்தார், அவர்கள் வழியாக ஊர்ப் பெரியவர்களை அழைத்தார். அறுவடைக் களத்தில் நெல் அளந்தனர். வீடுதோறும் அடுப்பில் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே வைத்தனர். 1956-இல் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் காமராசர் தொடங்கிவைத்த பகலுணவு அங்ஙனம் ஊரார் சேர்த்த உணவே. தாராவியிலும் மாதுங்காவிலும் இங்கும் வாழும் நெல்லைச் சீமையினர் பலர்க்கு அந்தக் கரிசல் மண் அண்டை அயலாகும்; அவ்வட்டிலில் உண்டவரும் நம்மிடையே இருந்திருக்கின்றனர்.

ஊர் முன்வந்த பின்னரே அரசு பின்தொடர்ந்தது. 1957 நவம்பர் முதல் ஒரு வேளை உணவுக்குப் பத்துக் காசு என்று கணக்கிட்டு, அதில் ஆறு காசை அரசு தந்தது. எஞ்சிய நான்கு காசை ஊர்க் குழு திரட்ட வேண்டும். பிள்ளைகளை எண்ணுவதும், அரிசி நிறுப்பதும், கணக்கெழுதுவதும் அக்குழுவின் கடன். இந்த நான்கு காசை நாம் சிறிதாக எண்ணலாகாது. நான்கு காசு கொடுத்தவனுக்கு, குழம்பில் பருப்பு உண்டா என்று எட்டிப்பார்க்கும் உரிமையும் கிடைத்தது. பார்க்க வந்தவன் பள்ளியையும் பார்த்தான். சுவரில் கரும்பலகை இல்லை. குடிக்க நீர்ப்பானை இல்லை. மணியடிக்கத் தண்டவாளத் துண்டு தொங்குகிறது. மூன்று வகுப்புக்கு ஓர் அறை. அன்றுவரை அது சர்க்கார் பள்ளிக்கூடம். அதுமுதல் அது நம் ஊர்ப் பள்ளிக்கூடம்.

இதனினின்றே பள்ளிச் சீரமைப்பு இயக்கம் முளைத்தது. முதல் மாநாடு 1958-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் கூடியது. மும்பையிலிருந்து சென்னை செல்லும் வண்டி அரக்கோணம் கடந்து, திருவள்ளூரை எட்டுமுன் நில்லாமல் ஓடிக் கடக்கும் சிறு நிலையந்தான் அக்கடம்பத்தூர். பெட்டி படுக்கையைக் கட்டும் பரபரப்பில் நாம் அதனைக் கவனிப்பதில்லை.

மாநாடு என்றவுடன் மாலையும் மேடையும் நீண்ட சொற்பொழிவும் நம் நினைவுக்கு வரும். அவையும் இருந்தன, இல்லையென்று சொல்வதற்கில்லை. ஆயின் உண்மையான வேலை மாநாட்டுக்குப் பல திங்கள் முன்பே தொடங்கிவிடும். ஒரு துணை ஆய்வாளரின் சரகத்திலுள்ள ஒவ்வொரு பள்ளியிலும் தலைமையாசிரியரும் ஊராரும் அமர்ந்து, இப்பள்ளிக்கு என்னென்ன தேவை என்று ஒரு பட்டியல் எழுதுவர். புதிய வகுப்பறை ஒன்று, கூரைக்கு ஓடு, விளையாட நிலம், மேசை நாற்காலி, சுவர்க் கடிகாரம், உலக உருண்டை, நூலகத்துக்கு நூல்கள், ஏழைப் பிள்ளைகட்குச் சட்டை, சுண்ணாம்பு அடித்தல். ஒவ்வொன்றுக்கும் எதிரே மதிப்பு எழுதப்பெறும். பின்னர் அப்பட்டியலுடன் வீடுவீடாகச் செல்வர். நிலமுடையவர் நிலம் எழுதிக் கொடுத்தார். கொத்தனார் ஒரு வாரக் கூலியை விட்டுக் கொடுத்தார். ஒன்றுமில்லாதவர் மண் சுமந்தார். வாக்களித்ததை நிறைவேற்றிய பின், சரகத்துப் பள்ளிகளெல்லாம் ஓரிடத்தில் கூடி இவ்வூர் இதனைச் செய்தது என அறிவிக்கும் நாளே மாநாடு. ஆசிரியர்கள் தம் கையால் செய்த பாடக்கருவிகள் கண்காட்சியாக வைக்கப்பெறும். பக்கத்து ஊர்ப் பள்ளிக்குக் கடிகாரம் வந்துவிட்டது, நம் பள்ளிக்கு இல்லையே என்னும் ஊர்ப்போட்டியும் வேலை செய்தது. ஊர்ப்பெருமையை நல்வழியில் திருப்பிவிட்டதைச் சிறந்த தந்திரம் என்றே நாம் சொல்வோம்.

சில ஆண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்ட மாநாடுகள் நடைபெற்றன. ஊரார் அளித்தவற்றின் மதிப்பு கோடிகளில் கணக்கிடப்பெற்றது. ஓர் ஆசிரியரின் திங்கட் சம்பளம் நூறு ரூபாயை எட்டாத காலத்துக் கோடி அது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். பிற மாநிலத்தார் வந்து கண்டு சென்றனர். 1961-இல் நடுவண் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

போற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுதல் நேர்மையாகாது. அரசு செய்யவேண்டிய கடமையை ஊரார் தலையில் ஏற்றுவதா என்னும் கேள்வி இவ்வியக்கத்தின் மீது எழுவதற்கு இடமுண்டு. வளமான ஊரின் பட்டியல் விரைவில் நிறைவேறும். வானம் பார்த்த பூமியில் நான்கு காசும் பெருஞ்சுமையே. பட்டியலை எழுதிய திண்ணையில் சேரிப் பெற்றோர்க்கு இடமிருந்ததா என்பதும் ஊருக்கு ஊர் மாறியிருக்கும். இன்னொன்று: கடிகாரமும் மேசையும் வந்தால் பாடம் தானே வந்துவிடாது. கட்டடத்தை எண்ணுவது எளிது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை பிழையின்றிப் படிக்கிறதா என எண்ணுவது அரிது. அவர் இயக்குநர் பொறுப்பை விட்டு வேறு பணிகட்குச் சென்றபின் மாநாடுகளின் வேகம் தணிந்தது. ஒரு மனிதரின் ஊக்கத்தைப் பற்றி வளர்ந்த கொடி, கொம்பு நீங்கியதும் சாய்ந்தது.

ஆயினும் நட்டவற்றுள் வேரூன்றியவை பல. பகலுணவு 1982-இல் எம். ஜி. இராமச்சந்திரன் அரசின் சத்துணவாக விரிந்தது. 2022-இல் காலையுணவும் சேர்ந்தது. பொதுநூலகங்களின் பொறுப்பும் அந்நாளில் கல்வி இயக்குநரிடமே இருந்தமையால், சிற்றூர்களில் கிளை நூலகங்கள் பெருகவும் அவர் வழிசெய்தார். 1969 முதல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கினார். ஓய்வுக்குப் பின் ‘நினைவு அலைகள்’ என்னும் தன்வரலாற்றை மூன்று தொகுதிகளாக எழுதினார். தம்மை உயர்த்தி எழுதாமல், உடனுழைத்த ஆசிரியர்களையும் ஊர்க்காரர்களையும் நினைவுகூரும் நூல் அது. 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் மறைந்தார்.

இனி நாம் முன்னர்க் குறித்த அந்த வேறொரு காரணத்துக்கு வருவோம்.

நாம் வந்து வாழும் இம்மராட்டிய மண்ணுக்கும் இவ்வழி புதியதன்று. கர்மவீர் பாவுராவ் பாட்டீல் 1919-இல் ரயத் சிக்ஷண் சன்ஸ்தாவைத் தொடங்கியபோது அவரிடம் பொருளில்லை. உழவர் தந்த தானியத்தையும் மாணவரின் உழைப்பையும் கொண்டே விடுதிகளை நடத்தினார். அவர் துணைவியார் இலட்சுமிபாய் தம் நகைகளை அதற்கு ஈந்தார். நெய்யாடுபாக்கத்தாரும் சாத்தாராவாரும் கண்டது ஒரே வழி.

அவ்வழி இன்று சட்டமாகவே இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் பள்ளி மேலாண்மைக் குழு அமைய வேண்டும் என்கிறது; நகராட்சிப் பள்ளிகளும் இதனுள் அடங்கும். உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது காப்பாளர், பாதிப்பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டத்தை வரைவதும் வந்த பணம் எவ்வாறு செலவாகிறது எனப் பார்ப்பதும் அக்குழுவின் வேலை. உதவிபெறும் பள்ளிகளில் மட்டும், 2012-இல் செய்த திருத்தத்தின்படி, குழு அறிவுரை கூறுவதோடு நிற்கும். கடம்பத்தூரில் எழுதிய பட்டியலுக்கும் இவ்வளர்ச்சித் திட்டத்துக்கும் பெயரே வேறு.

நம் காலனியில் யார் இக்குழுக்கூட்டத்துக்குச் செல்கின்றனர்? ஆங்கிலப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் நமக்கு அது வேண்டாத வேலையாகிவிட்டது. நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மாவின் பிள்ளையும், வாயிற்காவலரின் பிள்ளையும் நகராட்சிப் பள்ளியில் படிக்கின்றன. மும்பை மாநகராட்சி நடத்தும் தமிழ்வழிப் பள்ளிகளில் பயில்வோரும் பெரிதும் எளியோரின் மக்களே. சென்ற ஆண்டு அண்டையிலுள்ள ஒரு பள்ளியின் கூட்டத்துக்கு, உறுப்பினரான ஒரு தாயாருடன் நாமும் துணையாகச் சென்றோம். தேநீர் தந்தனர், ஒரு பதிவேட்டை நீட்டினர், கையெழுத்து வாங்கினர், கால்மணி நேரத்தில் கூட்டம் கலைந்தது. ஏட்டில் என்ன எழுதியிருந்தது என்று அவ்வம்மையார் கேட்கவில்லை. மராட்டியில் இருந்தமையால் நாமும் தட்டுத்தடுமாறியே படித்தோம்.

அடுத்த கூட்டத்துக்கு முன், மராட்டி நன்கறிந்த நம் சங்கத்து இளைஞர் இருவர் அத்தாய்மார் மூவருடன் உட்கார்ந்து ஒரு பட்டியல் எழுதினர். நீர்த்தொட்டிக்கு மூடி, பெண்பிள்ளைகளின் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள், மழைநீர் தேங்கும் வாயிலில் இரண்டு நடை கல், மூன்றாம் வகுப்பில் எழுத்துக் கூட்டத் தடுமாறும் பதினொரு பிள்ளைகட்கு மாலையில் ஒரு மணிநேரம். முதல் மூன்றையும் தலைமையாசிரியர் அன்றே வளர்ச்சித் திட்டத்தில் சேர்த்துக்கொண்டார். நான்காவதற்கு ஆள் வேண்டும். செவ்வாயும் வியாழனும் மாலை ஆறு மணிக்கு நேரம் ஒதுக்கக்கூடிய அன்பர்கள், விழா மண்டப வாயிலில் வைத்திருக்கும் ஏட்டில் பெயர் எழுதிச் செல்ல வேண்டுகிறோம்.