கற்சிலைமடுக் கல்லும் பண்டாரவன்னியனும்

திருகோணமலையிலிருந்து கண்டிக்குச் செல்லும் வீதியில் கந்தளாய்க் குளத்தைக் காணாமல் போனவர் இரார். இன்று சில மணி நேரத்தில் நாம் கடக்கும் இந்த வழித்திசை ஒருகாலத்தில் படைகள் நடந்த காட்டுவழியாக இருந்தது. 1803 பெப்ரவரி 4ஆம் நாள் லெப்டினன்ட் கேணல் பார்பட் என்னும் ஆங்கிலேயத் தளபதி திருகோணமலையிலிருந்து படையுடன் கண்டிக்குப் புறப்பட்டார். கொழும்பிலிருந்து ஜெனரல் மக்டவல் ஏற்கெனவே புறப்பட்டிருந்தார். அம்மாதமே கண்டி நகர் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அரசன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் மலைகளுக்குள் மறைந்துகொண்டான். ஆனால், மழையும் காய்ச்சலும் பசியும் வந்த படையைத் தின்றன. ஜூன் மாத இறுதியில், கண்டியில் விடப்பட்ட மேஜர் டேவியின் காவற்படை சரணடைந்து, பின் கொன்றொழிக்கப்பட்டது.

இந்தச் செய்தி வன்னிக்கு எட்டியபோது, அங்கே ஒருவன் இதற்காகவே காத்திருந்தான். அவனே பண்டாரவன்னியன். வைரமுத்து என்பது அவனது இயற்பெயர் என்பர்.

வன்னியன் என்பது ஒரு குறுநில ஆட்சிப் பட்டமாகும். நமது திருகோணமலைப் பகுதியிலும் வன்னிபங்கள் இருந்தன. கோணேசர் கல்வெட்டு குளக்கோட்டனின் திருப்பணிகளோடு சேர்த்து அவர்களையும் பேசுகிறது. யாழ்ப்பாணத்திற்கும் திருகோணமலைக்கும் இடைப்பட்ட பெருங்காட்டில் ஆண்ட வன்னியர்கள் போர்த்துக்கீசருக்கும் ஒல்லாந்தருக்கும் யானைகளைத் திறையாகக் கொடுத்தார்கள். முடிந்தபோது கொடாமலும் இருந்தார்கள். அந்நியருக்கு முழுமையாக அடங்காத அந்தக் காடு நமக்கும் ஒருவகையில் கடன் கொடுத்த காடு. ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்த நாளில், மாந்தையிலிருந்து 1670இல் அன்னையின் திருச்சொரூபத்தைச் சுமந்துகொண்டு நம் முன்னோர் ஓடி ஒளிந்த மடுவும் அக்காட்டின் ஒரு பகுதியே.

1782இல் ஒல்லாந்தர் படையெடுத்து வன்னியைத் தம் நேரடி ஆட்சிக்குள் கொண்டுவந்தனர். பின்னர் 1795 ஓகஸ்ட்டில் திருகோணமலைக் கோட்டை ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. மறு ஆண்டில் ஒல்லாந்தரின் கரையோரம் முழுவதும் அவர்களுடையதாயிற்று. ஆளுவோர் மாறினரே தவிர, வன்னியர் இழந்த உரிமை திரும்பவில்லை. பண்டாரவன்னியன் தந்தையரின் நிலத்தில் நின்றும், நிலமற்றவனாக இருந்தான்.

ஆகவே கண்டியரசனோடு கைகோத்தான். 1803 ஓகஸ்ட் 25ஆம் நாள் அவனுடைய படை முல்லைத்தீவின் ஆங்கிலேயக் காவலரணைத் தாக்கியது. அங்கே தலைமை தாங்கியவர் கப்டன் வொன் டிறிபேர்க். தாக்குதலைத் தாங்கமாட்டாமல் அவர் தம் ஆட்களுடன் வள்ளங்களில் ஏறி யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார். பண்டாரவன்னியனின் ஆட்கள் ஆனையிறவு வரை முன்னேறினார்கள். காட்டிலே வளர்ந்த ஒரு தலைவன், பெருங்கடல்களை ஆண்ட ஓர் அரசின் படையைக் கடலுக்குள் தள்ளினான் என்பது சிறிய காரியமன்று. ஏறத்தாழ இரண்டு மாதங்கள் வன்னி மீண்டும் வன்னியனுடையதாக இருந்தது.

ஆங்கிலேயர் யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை ஆகிய மூன்று பக்கங்களிலிருந்தும் படைகளை அனுப்பினார்கள். ஒக்டோபர் 31ஆம் நாள், ஒட்டுசுட்டானுக்கு அண்மையில் உள்ள கற்சிலைமடுவில் பண்டாரவன்னியனின் படை எதிர்பாராத வேளையில் தாக்கப்பட்டுச் சிதறியது. தாக்கியவர் வேறு யாருமல்லர். வள்ளத்தில் ஏறித் தப்பிய அதே டிறிபேர்க்.

இவ்விடத்தில்தான் காக்கைவன்னியன் கதைக்குள் வருகிறான். பண்டாரவன்னியனின் தங்கையை அவன் விரும்பினான் என்றும், அது கைகூடாத ஆத்திரத்தில் பண்டாரவன்னியனை ஆங்கிலேயருக்குக் காட்டிக்கொடுத்தான் என்றும் நாடகங்களில் பார்த்திருக்கிறோம். எனது சிறு வயதில் கோயில் வளவில் இந்நாடகம் மேடையேறியது. காக்கைவன்னியனாக நடித்த பையனை மறுநாள் மறைக்கல்வி வகுப்பில் எல்லோரும் யூதாசு என்று அழைத்தோம். அவன் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனான். நானும் அழைத்தவர்களில் ஒருவன்.

பின்னாளில் யாழ்ப்பாண வைபவமாலையைப் படித்தபோது திடுக்கிட்டேன். மயில்வாகனப் புலவர் ஒல்லாந்தர் காலத்தில் எழுதிய நூல் அது. கற்சிலைமடுப் போருக்கு அரை நூற்றாண்டுக்கும் மேல் முந்தியது. அதிலேயே ஒரு காக்கைவன்னியன் இருக்கிறான். அவன் காட்டிக்கொடுப்பது சங்கிலி மன்னனை, பெற்றுக்கொள்பவர்கள் போர்த்துக்கீசர். 1544இல் மன்னாரில் நம் விசுவாச முன்னோரைக் கொல்வித்த சங்கிலியையும், 1619இல் போர்த்துக்கீசரிடம் பிடிபட்ட சங்கிலியையும் ஒருவனாகவே அந்நூல் காட்டுகிறது என்பது வேறு விடயம். முந்திய கதையின் துரோகி, பெயரும் மாறாமல், பிந்திய கதைக்குள் நடந்து வந்துவிட்டான் என்றே எனக்குத் தோன்றுகிறது. தோல்வியைத் தாங்குவதற்கு மக்களுக்கு ஒரு யூதாசு வேண்டியிருக்கிறது. பேராற்றல் படைத்த எதிரி மூன்று திசைகளிலிருந்து வந்தான் என்பதைவிட, நம்மவன் ஒருவன் விற்றுவிட்டான் என்பது ஏனோ மனத்துக்கு இலகுவாக இருக்கிறது. ஆனால், இறந்தவர் மீதும் பொய்ச்சான்று சொல்லலாகாது அல்லவா? மேடையில் நடித்த பையன் மீது சொல்வதைப் பற்றிக் கேட்கவே வேண்டியதில்லை.

பண்டாரவன்னியனின் முடிவைப் பற்றியும் மக்கள் வழக்கு இரண்டுபடுகிறது. அன்றே களத்தில் வீழ்ந்தான் என்பாரும், தப்பிக் காட்டுக்குள் சென்று சில ஆண்டுகள் போராடி மடிந்தான் என்பாரும் உளர். ஆங்கிலேயர் ஆட்சியில் கற்சிலைமடுவில் நடப்பட்ட நினைவுக்கல், இவ்விடத்தருகே கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்று நாளைக் குறித்துச் சொல்கிறது, கொன்றதாகச் சொல்லவில்லை. வென்றவனின் புகழுக்காக நாட்டிய கல் அது. ஆயினும் டிறிபேர்க் யார் என்று இன்று கேட்பவர் அரிது. அவர் பெயரே பண்டாரவன்னியனின் கதையைச் சொல்லும்போதுதான் நினைவுக்கு வருகிறது.

வவுனியாவில் பண்டாரவன்னியனுக்குச் சிலை உண்டு. ஆண்டுதோறும் மாலை சூட்டி நினைவுகூரும் நாள், கல்லில் உள்ள ஒக்டோபர் 31 அன்று. முல்லைத்தீவை அவன் மீட்ட ஓகஸ்ட் 25.