பொறியைத் துறந்த வேட்டுவர்

விலங்குகளைக் கொன்று, அவற்றின் தோலை விற்று வாழ்ந்த ஒருவர் பின்னாளில் அவ்விலங்குகளுக்கே காவலரானார். அவர் கிரே அவுல் என்பவர். இப்பெயர் சாம்பல் ஆந்தை எனப் பொருள்படும். அவருடைய வரலாறு நாம் அறிதற்குரியது.

அவருடைய இயற்பெயர் ஆர்ச்சிபால்டு பெலானி. அவர் 1888ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கடற்கரை நகரமாகிய ஹேஸ்டிங்சில் பிறந்தார். 1906இல் கனடா நாட்டிற்குச் சென்றார். அங்கே ஒஜிப்வே என்னும் பழங்குடி மக்களிடம் தோணி செலுத்தவும், காட்டில் வழி அறியவும், பொறி வைக்கவும் கற்றார்.

கனடாவின் சதுப்பு நிலங்களில் மஸ்கிராட் என்னும் நீரெலி வாழ்கின்றது. அது கோரையைக் குவித்து வீடு கட்டும்; அன்றிக் கரையைக் குடைந்து வளை அமைக்கும். வளையின் வாயில் நீருக்கடியில் இருக்கும். வேட்டுவர் அவ்வாயிலை அறிந்து, அதனருகே இரும்புப் பொறியை மறைத்து வைப்பர். அகப்பட்ட விலங்கு நீரில் மூழ்கி இறக்கும்.

அந்நீர்நிலைகளிலேயே பீவர் என்னும் விலங்கும் வாழும். அது மரங்களைப் பல்லால் வீழ்த்தி ஓடைகளில் அணை கட்டும். அணையால் தேங்கும் நீரில் நீரெலியும் மீனும் வாத்தும் பெருகும். பீவரின் தோல் மிக்க விலை பெற்றமையால் வேட்டை பெருகி, அவ்வினம் பல இடங்களில் அருகிப் போயிற்று.

1928ஆம் ஆண்டு கிரே அவுல் ஒரு பீவர் வீட்டருகே பொறி வைத்தார். தாய் விலங்கு பொறியோடு மறைந்தது. அவரும், மொஹாக் குலத்தில் தோன்றிய அவர்தம் மனைவி அனஹாரியோவும் தோணியேறித் தேடினர், கண்டிலர். திரும்பும்பொழுது நீர்மீது சிற்றுருவம் ஒன்று தோன்றியது. அதனை நீரெலி என்று கருதிய அவர் துப்பாக்கியை உயர்த்தினார். விசையை அழுத்தும் தறுவாயில் அது மெல்லக் குரல் எழுப்பியது. அருகே மற்றொன்றும் குரல் கொடுத்தது. அவை தாயை இழந்த பீவர்க் குட்டிகள்! அனஹாரியோ அவற்றைக் காக்குமாறு வேண்டினார்.

அவ்விருவரும் குட்டிகளைத் தம் மக்களைப் போல் வளர்த்தனர். அவற்றின் அன்பு வேட்டுவரின் நெஞ்சை உருக்கியது. வறுமை வரும் என்று அறிந்தும் அவர் பீவர் வேட்டையை அறவே விட்டார். எழுத்தால் வாழ முற்பட்டார். 1931இல் கனடா அரசு அவரைத் தேசியப் பூங்காவில் பணியமர்த்தியது. அஜவான் ஏரிக்கரையில் அவர் வாழ்ந்த குடிலுக்குள்ளேயே பீவர்கள் வந்து வீடு கட்டின. அவர் நூல்கள் எழுதியும், இங்கிலாந்து சென்று சொற்பொழிவாற்றியும் காட்டுயிர்களுக்காக வாதாடினார். 1938 ஏப்ரல் 13ஆம் நாள் காலமானார்.

அவர் தம்மைப் பழங்குடித் தாயின் மகன் என்றே உலகிற்குக் கூறியிருந்தார். அது பொய் என்பது அவர் இறந்தபின் வெளிப்பட்டது. பலர் சினந்தனர், அவர் சொன்ன அனைத்தையும் ஐயுற்றனர். பழங்குடியினர் சொல்லுக்குச் செவிசாயாத உலகம், அவர்தம் கோலம் பூண்ட அயலவர் சொல்லைக் கேட்டது என்பதும் வருந்தத்தக்கதே.

மாணவர்களே! அவருடைய பொய்யை நாம் அறம் என்று கொள்ளலாகாது. நல்லறம் பேசுவோர்க்கும் வாய்மை இன்றியமையாதது. அது தவறின் அவர் கூறிய நல்லுரையும் பழிக்கப்படும். எனினும், குட்டிகளின் குரல் கேட்டு அவர் துப்பாக்கியைத் தாழ்த்தியது பொய்யன்று. அவ்வருளைப் போற்றுவோம், அக்குற்றத்தைத் தவிர்ப்போம்.