டாமி மெக்குக்

டாமி மெக்குக் (மார்ச் 1927 – மே 5, 1998) ஜமைக்காவைச் சேர்ந்த புகழ்பெற்ற டெனர் சாக்சபோன் கலைஞர் ஆவார். புல்லாங்குழலும் வாசித்தார். ஸ்கட்டலைட்ஸ் இசைக்குழுவை உருவாக்கியவர்களுள் ஒருவர். ஜாஸ் இசையின் மீது தீராத பற்றுக் கொண்டிருந்த இவர், ஸ்கா, ராக்ஸ்டெடி, ரெகே ஆகிய மூன்று ஜமைக்க இசை வகைகளிலும் பாடகர் இல்லாத கருவியிசைப் பதிவுகள் பலவற்றைச் செய்தார்.

இளமைக்காலம்

கியூபாவின் அவானா நகரில் பிறந்த மெக்குக், 1933 இல் ஜமைக்காவுக்கு வந்தார். பதினோராம் வயதில் கிங்ஸ்டன் நகரின் ஆல்ஃபா பள்ளியில் சாக்சபோன் கற்கத் தொடங்கினார். கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய இப்பள்ளி ஏழைச் சிறுவர்களுக்கானது; தச்சு, தையல் போன்ற தொழில்களுடன் இசையும் கற்பிக்கப்பட்டது. ஜமைக்காவின் ஊதுகருவிக் கலைஞர்களில் பெரும்பகுதியினர் இங்கிருந்தே வந்தனர். பதினான்காம் வயதில் பள்ளியை விட்டு எரிக் டீன்சு நடத்திய நடன இசைக்குழுவில் சேர்ந்தார்.

ஜாஸும் ஸ்காவும்

1954 இல் பகாமாசு தீவுகளுக்குச் சென்ற மெக்குக், பின்னர் மயாமி நகரில் ஜான் கோல்ட்ரேனின் இசையைக் கேட்டார். அதன் தாக்கம் வாழ்நாள் முழுவதும் நீடித்தது. 1962 இல் நாடு திரும்பியபோது கிங்ஸ்டனில் ஸ்கா பரவிக்கொண்டிருந்தது. தாளத்தின் எடுப்பான அடிகளுக்கு இடையே கிட்டாரும் பியானோவும் வெட்டி ஒலிப்பதே இவ்விசையின் அடையாளம். தயாரிப்பாளர் காக்சன் டாட் ஸ்கா பதிவுகளுக்கு அழைத்தபோது, தம்மை ஜாஸ் கலைஞராகவே கருதிய மெக்குக் இணங்கவில்லை. மாறாக, டாடுக்காக ஒரு ஜாஸ் தொகுப்பில் ரோலண்ட் அல்ஃபோன்சோ, டான் டிரம்மண்ட், எர்னஸ்ட் ராங்ளின் ஆகியோருடன் வாசித்தார்.

ஆனால் சிறிய தீவில் ஜாஸை மட்டும் வாசித்துப் பிழைப்பது எளிதன்று. தெரு நடனங்களில் பெரிய ஒலிபெருக்கிகள் வழியே முழங்கிய இசைத்தட்டுகளுக்கே வரவேற்பு இருந்தது. 1963 இல் மெக்குக் மனம் மாறினார். அவருடைய முதல் ஸ்கா பதிவு, எக்சோடஸ் திரைப்படத்தின் இசையைத் தழுவியது.

1964 இல் ஸ்கட்டலைட்ஸ் உருவானபோது அவரே தலைமை ஏற்றார். குழுவின் பதிவுகளில் ஜாஸின் ஒழுங்கைத் தெளிவாகக் காணலாம். ஊதுகருவிகள் முதலில் மெட்டைச் சேர்ந்து ஒலிக்கும். பின் ஒவ்வொருவராகக் கற்பனை விரித்து வாசிப்பர். இறுதியில் மெட்டு திரும்பும். இவை அனைத்தும் ஏறத்தாழ மூன்று நிமிடங்களுக்குள் முடிய வேண்டும். கோல்ட்ரேனைக் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு அது மிகக் குறுகிய இடமே.

1965 சனவரியில் டிராம்போன் கலைஞர் டிரம்மண்ட் கொலை வழக்கில் கைதானார். அவ்வாண்டே குழுவும் கலைந்தது.

ரெகே காலம்

அதன்பின் மெக்குக் சூப்பர்சானிக்ஸ் குழுவை அமைத்து, தயாரிப்பாளர் டியூக் ரீடின் டிரெஷர் ஐல் ஒலிப்பதிவுக் கூடத்தில் பணியாற்றினார். பாண்ட் தெருவில் மதுக்கடை ஒன்றின் மேல்மாடியில் இக்கூடம் இருந்தது. ஸ்காவைவிட வேகம் குறைந்த ராக்ஸ்டெடியில் சாக்சபோன் இசையை நிதானமாக நீட்டி வாசிக்க வாய்ப்புக் கிடைத்தது.

1970களில் பதிவு முறையே மாறியது. முன்பே பதிவான தாள நாடாவில் பாடகரின் குரலை நீக்கிவிட்டு, அதன்மேல் ஊதுகருவிகளைப் பதிவு செய்வது வழக்கமாயிற்று. இதனால் செலவு குறைந்தது. எனினும் கலைஞர்கள் ஒருவரையொருவர் கேட்டு அக்கணத்திலேயே மறுமொழி தரும் ஜாஸின் உயிர்நாடி இம்முறையில் இல்லை. மாறாத நாடாவுக்கு ஏற்ப வாசிப்பவரே வளைய வேண்டும். மெக்குக் இதற்குள்ளும் தம் வழியைக் கண்டார். சுரங்களை அடுக்காமல் இடைவெளி விட்டு வாசித்தார். பாஸ் கிட்டாரின் கனத்த ஒலி அந்த இடைவெளிகளை நிரப்பியது. ஆக்ரவேட்டர்ஸ் குழுவினருடன் வெளியிட்ட பிராஸ் ராக்கர்ஸ் (1975), டிரம்பெட் கலைஞர் பாபி எல்லிசுடன் இணைந்த பிளேசிங் ஹார்ன்ஸ் (1978) ஆகியன இக்காலத்தவை. 1976 இல் வெளியான தொகுப்புக்கு ரெகே இன் ஜாஸ் என்றே பெயர்.

இறுதிக்காலம்

1983 இல் ரெகே சன்ஸ்பிளாஷ் விழாவில் ஸ்கட்டலைட்ஸ் மீண்டும் ஒன்றுகூடியது. பின்னர் அமெரிக்காவை மையமாகக் கொண்டு இயங்கிய இக்குழு, 1990களில் கிராமி விருதுக்கு இருமுறை பரிந்துரைக்கப்பட்டது. மேடையில் நேரக் கட்டுப்பாடு தளர்ந்ததால், முன்னர் மூன்று நிமிடங்களில் அடங்கிய உருப்படிகள் நீண்டு ஒலித்தன. 1995 இல் மாரடைப்பு ஏற்பட்டபின் மெக்குக்கின் பயணங்கள் குறைந்தன. 1998 மே 5 அன்று அட்லாண்டாவில் தமது 71ஆம் வயதில் காலமானார். அவருடன் ஸ்கட்டலைட்ஸில் டெனர் சாக்சபோன் வாசித்த ரோலண்ட் அல்ஃபோன்சோவும் அதே ஆண்டு நவம்பரில் மறைந்தார்.