எம். ஆர். ராதா

எம். ஆர். ராதா (1907 – செப்டம்பர் 17, 1979) தமிழ் மேடை நாடக, திரைப்பட நடிகர் ஆவார். இயற்பெயர் ராதாகிருஷ்ணன். நடிகவேள் என்ற பட்டத்தால் அறியப்படுகிறார். 1967 இல் எம். ஜி. ஆர். சுடப்பட்ட வழக்கில் தண்டனை பெற்றவர். உரிமம் காலாவதியான துப்பாக்கி ஒன்று இவ்வழக்கின் மையப் பொருளாக இருந்தது.

வாழ்க்கைக் குறிப்பு

சென்னையில் பிறந்த ராதா, சிறுவயதிலேயே வீட்டை விட்டு வெளியேறி நாடகக் குழுவில் சேர்ந்தார். பெரியாரின் கொள்கைகளில் பற்றுக் கொண்டு பகுத்தறிவு நாடகங்களை நடத்தினார். இவரது இராமாயண நாடகம் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. இத்தகைய நாடகங்களைக் கட்டுப்படுத்தும் நோக்கில் 1954 இல் நாடகச் சட்டம் கொண்டுவரப்பட்டது. அதே ஆண்டு வெளிவந்த இரத்தக்கண்ணீர் திரைப்படம் இவருக்குப் பெரும்புகழ் தந்தது.

துப்பாக்கிச் சூடு

ஜனவரி 12, 1967 அன்று மாலை, திரைப்படத் தயாரிப்பாளர் கே. கே. என். வாசுவுடன் ராதா எம். ஜி. ஆரின் இராமாவரம் தோட்ட இல்லத்துக்குச் சென்றார். அங்கு எம். ஜி. ஆர். காதருகே சுடப்பட்டார். ராதாவின் உடலிலும் குண்டுகள் பாய்ந்திருந்தன. இருவரும் இராயப்பேட்டை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். எம். ஜி. ஆரின் குரல் நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. கழுத்தில் கட்டுடன் அவர் இருக்கும் சுவரொட்டிகள் அடுத்த மாதத் தேர்தலில் தமிழகமெங்கும் ஒட்டப்பட்டன. மருத்துவமனையில் இருந்தபடியே அவர் பரங்கிமலைத் தொகுதியில் வென்றார்.

ராதா மீது கொலை முயற்சி, தற்கொலை முயற்சிக் குற்றச்சாட்டுகளோடு, 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 25(1), 27 ஆகிய பிரிவுகளின் கீழும் குற்றம் சாட்டப்பட்டது. எம். ஜி. ஆரே முதலில் சுட்டார் என்பது ராதா தரப்பின் வாதம். செங்கல்பட்டு அமர்வு நீதிமன்றம் இதனை ஏற்கவில்லை. நவம்பர் 4, 1967 அன்று 7 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. மேன்முறையீட்டில் தண்டனை குறைக்கப்பட்டது.

மிக அருகிலிருந்து சுடப்பட்டும் இருவரும் பிழைத்தது எவ்வாறு என்ற கேள்வி விசாரணையில் எழுந்தது. தோட்டாக்கள் 1950 அளவில் வாங்கப்பட்டவை என்றும், மேசை இழுப்பறையில் உருண்டு கிடந்து வீரியம் இழந்தவை என்றும் விளக்கம் தரப்பட்டது.

சட்டத்தின் நிலை

ராதாவின் துப்பாக்கி கள்ளத்துப்பாக்கி அன்று. அதற்கு ஒரு காலத்தில் உரிமம் இருந்தது, புதுப்பிக்கப்படவில்லை. உரிமம் முடிந்தால் துப்பாக்கியைத் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும் என ஆயுதச் சட்டத்தின் 21 ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் உரிமையாளரே முன்வராவிட்டால் அவ்விதி ஏட்டளவில்தான் நிற்கும். இவ்வழக்கு காட்டும் ஓட்டை இதுவே எனலாம்.

உரிமம் வழங்குமுன் செய்யும் விசாரணையும் அன்று தளர்வாகவே இருந்தது. தேவையெனக் கருதினால் மட்டும் அதிகாரி விசாரிக்கலாம் என்றே மூலச்சட்டம் கூறியது. விண்ணப்பதாரரைப் பற்றி அருகிலுள்ள காவல் நிலையத்தின் அறிக்கையைக் கேட்டுப் பெற வேண்டும் என்பது 1983 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்தது. சென்னை மாநகரில் உரிமம் வழங்கும் அதிகாரி காவல்துறை ஆணையர் ஆவார்.

21 வயது நிறையாதவர்களும், அமைதி காப்பதாகப் பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்தவர்கள் அதன் காலம் முடியும்வரையும் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. வன்முறைக் குற்றத்திற்காகவோ ஒழுக்கக்கேடான குற்றத்திற்காகவோ சிறைத்தண்டனை பெற்றவருக்கு, தண்டனைக் காலம் முடிந்த பின்னும் 5 ஆண்டுகள் தடை உண்டு. ராதா இவ்வகையில் அடங்குவார். மனநலம் குன்றியவர்களுக்கும், வேறு காரணத்தால் தகுதியற்றவர் என அதிகாரி கருதுவோருக்கும் உரிமம் மறுக்கப்படும். போதிய சொத்து இல்லை என்பதற்காக மட்டும் மறுக்கக் கூடாது என்பதும் சட்டத்தில் உள்ளது; இது பலர் அறியாத செய்தி. உரிமத்தின் காலம் 3 ஆண்டுகளாக இருந்து, 2019 இல் 5 ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது.

இறுதிக் காலம்

விடுதலைக்குப் பின் ராதா மீண்டும் நாடகங்களிலும் சில திரைப்படங்களிலும் நடித்தார். நெருக்கடி நிலைக் காலத்தில் மிசா சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். 1979 இல் திருச்சிராப்பள்ளியில் காலமானார். நடிகர்கள் எம். ஆர். ஆர். வாசு, ராதாரவி, ராதிகா, நிரோஷா ஆகியோர் இவருடைய மக்கள் ஆவர்.