டிராம் மோதி விழுந்தவரை பிச்சைக்காரர் என நினைத்த பார்சிலோனா... யார் இந்த அன்டோனி கௌடி?

பார்சிலோனாவுக்கு டூர் போறவங்க லிஸ்ட்டில் ரெண்டு விஷயம் கட்டாயம் இருக்கும். ஒன்னு சாப்பாடு, இன்னொன்னு கௌடி கட்டிய கட்டடங்கள். ஆனால் அந்த நகரத்துக்கே முகம் கொடுத்த இந்த மனுஷன், அடையாளம் தெரியாத ஆளாகத்தான் அதன் ரோட்டில் விழுந்து கிடந்தார்.

யார் இவர்?

ஸ்பெயினின் கட்டலோனியா பகுதியில் 1852 ஜூன் 25-ல் பிறந்தவர் கௌடி. அப்பா செம்புத் தகட்டை அடித்து வளைத்துப் பாத்திரம் செய்பவர். சின்ன வயசிலேயே மூட்டுவாதம் வந்ததால், மற்ற பசங்களைப் போல கௌடியால் ஓடியாட முடியவில்லை. 1878-ல் பார்சிலோனாவில் ஆர்கிடெக்ட் பட்டம் வாங்கினார். தொழிலதிபர் குயெல் இவரை நம்பிப் பணம் போட்டார். குயெல் மாளிகை, குயெல் பூங்கா எல்லாம் அப்படி வந்ததுதான்.

சங்கிலி டெக்னிக்

கௌடி கயிறு, சங்கிலிகளைத் தொங்கவிட்டு, அதில் சின்னச் சின்ன எடைப் பைகளைக் கட்டுவார். அது தானாக எடுக்கும் வளைவைத் தலைகீழாகத் திருப்பினால், பாரம் தாங்கும் ஆர்ச் ரெடி!

வாழ்நாள் வேலை

சக்ராதா ஃபமிலியா தேவாலயப் பணி 1882-ல் தொடங்கியது. அடுத்த வருஷமே பொறுப்பு இவர் கைக்கு வந்தது. 1914-க்குப் பிறகு வேறு வேலையே எடுக்கவில்லை. சைவ உணவுதான், அதுவும் கொஞ்சம்தான். 1894-ல் தவக்கால விரதம் இருந்து உயிருக்கே ஆபத்தாகிவிட்டது.

கடைசி நாட்கள்

1926 ஜூன் 7-ல் நடந்து போனபோது டிராம் மோதியது. பழைய துணியில் இருந்ததால் பிச்சைக்காரர் என்று நினைத்து, ஏழைகளுக்கான சாந்தா கிரூ மருத்துவமனையில் சேர்த்தார்கள். மறுநாள்தான் தேவாலயப் பாதிரியார் அடையாளம் கண்டார். ஜூன் 10-ல் உயிர் பிரிந்தது. உடல் சக்ராதா ஃபமிலியாவின் நிலவறையில் இருக்கிறது.

1936 உள்நாட்டுப் போரில் அவருடைய வரைபடங்கள் எரிந்தன, பிளாஸ்டர் மாடல்கள் நொறுங்கின. துண்டுகளை ஒட்டவைத்துத்தான் வேலை தொடர்ந்தது. 2025 அக்டோபரில் அது உலகின் மிக உயரமான தேவாலயம் ஆனது.

பார்சிலோனா போனால்...

தக்காளியைத் தேய்த்து ஆலிவ் எண்ணெய் விட்ட ரொட்டியை மிஸ் பண்ணாதீங்க. சாப்பாட்டுப் பிரியர்கள் கூடும் போக்கெரியா மார்க்கெட்டுக்குப் பின்னாடிதான் அந்தப் பழைய மருத்துவமனைக் கட்டடம். இப்போது அங்கே கட்டலோனியா நூலகம் இயங்குகிறது. ஒரு எட்டு பார்த்துட்டு வாங்க.