சிங்கப் பாட்டின் சொந்தக்காரர்

'தி லயன் கிங்' திரைப்படத்தைப் பார்த்த குழந்தைகள் அந்த மெட்டை மறப்பதில்லை. டிமோன் என்னும் கீரியும் பும்பா என்னும் காட்டுப்பன்றியும் காட்டுவழியே நடந்தவாறு, சிங்கம் உறங்குவதாகப் பாடும் பாட்டு அது. மொழி அறியாதவரும் அதன் உச்சக் குரலை முணுமுணுப்பர். உலகெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட பாடகர்கள் அதனைத் தத்தம் பாணியில் பாடி ஒலிப்பதிவு செய்துள்ளனர். ஆயினும், அம்மெட்டு முதன்முதலில் எவர் குரலிலிருந்து பிறந்தது என வினவினால் விடை கூறுவோர் சிலரே. அவர் அமெரிக்கர் அல்லர். திரைப்பட இசையமைப்பாளரும் அல்லர். தென்னாப்பிரிக்காவில் ஓர் இசைத்தட்டு நிறுவனத்தில் தட்டுகளைச் சிப்பம் கட்டிய தொழிலாளி. அவர் பெயர் சாலமன் லிண்டா.

சாலமன் 1909ஆம் ஆண்டு நேட்டால் பகுதியில், பொமராய் என்னும் சிற்றூருக்கு அருகில், ஜூலு இனத்தில் பிறந்தார். அவருடைய குடும்பப் பெயர் இன்ட்செலே. லிண்டா என்பது குலப்பெயர். அவர் பிறந்த எம்சிங்கா வட்டாரம் கற்களும் முட்புதர்களும் மண்டிய வறண்ட நிலம். மாடு என்னும் சொல்லுக்குத் தமிழில் செல்வம் என்றும் ஒரு பொருள் உண்டு. ஜூலு மக்களின் வாழ்விலும் அவ்வாறே; மாடுகளே அவர்களின் செல்வம். ஆதலால் ஆண்பிள்ளைகள் சிறுவயதிலேயே மேய்ச்சல் நிலத்துக்கு அனுப்பப்பட்டனர். சாலமனும் மாடு மேய்த்தார். கன்றுகளைச் சிங்கத்திடமிருந்து காத்த அந்த நாள்களின் நினைவே பின்னாளில் பாட்டாயிற்று என்பர்.

அவர் பயின்ற கிறித்தவ மிஷன் பள்ளியில் பாடல் பயிற்சியும் உண்டு. பல குரல்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு சுருதிநிலைகளில் ஒன்றிப் பாடும் மேலைநாட்டு முறையை அங்கே அவர் கற்றார். ஊர்த் திருமணங்களில் ஒருவர் முன்பாட, மற்றவர் திரும்பப் பாடும் ஜூலு மரபு அவருக்கு முன்பே பழக்கமானது. இவ்விரண்டுடன் மூன்றாவதாக ஒன்றும் தென்னாப்பிரிக்க மண்ணில் வேரூன்றியிருந்தது. 1890ஆம் ஆண்டு ஆர்ஃபியஸ் மெக்காடூ என்பவர், அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் குழு ஒன்றுடன் அந்நாட்டுக்கு வந்து ஊர் ஊராகப் பாடினார். அடிமைக் கப்பல்களில் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட மக்களின் வழிவந்தோர் அவர்கள். முன்னோர் நாட்டை விட்டுச் சென்ற இசை, உருமாறி அந்தக் கண்டத்துக்கே திரும்பி வந்த வியப்பு இது.

ஊரில் நிலைத்து வாழ இளைஞர்களால் இயலவில்லை. 1913ஆம் ஆண்டின் நிலச்சட்டம், நாட்டின் மிகப்பெரும்பகுதி நிலத்தைக் கறுப்பின மக்கள் வாங்கக் கூடாது எனத் தடுத்தது. அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கே. அரசோ வரியைப் பணமாகவே கேட்டது. பணமோ தங்கச் சுரங்க நகரமாகிய ஜொகன்னஸ்பர்க்கில் இருந்தது. ஆகவே தந்தையரும் தமையன்மாரும் மூட்டை கட்டிப் புறப்பட்டனர். சாலமனும் 1931இல் அந்நகரை அடைந்தார். முதலில் ஒரு மரச்சாமான் கடையிலும், பின்னர் கார்ல்ட்டன் விடுதியிலும் வேலை செய்தார்.

ஊரிலிருந்து வந்த ஆண்கள் பலர் தொழிலாளர் விடுதிகளில் தங்கினர். மனைவி மக்களை உடன் வைத்துக்கொள்ள அங்கே இசைவு இல்லை. நகரில் நடமாடவும் அனுமதிச்சீட்டு வேண்டும். ஆறு நாள் உழைப்புக்குப் பின் வரும் சனிக்கிழமை இரவே அவர்களுக்கு உரிய பொழுது. அன்றிரவு பாடற்குழுக்கள் விடிய விடியப் போட்டியிட்டன. நடுவரைத் தேர்ந்த முறை சுவையானது. உறவு, ஊர், குலம் என எப்பக்கமும் சாயாத ஒருவர் வேண்டும் என்பதற்காக, அப்பாடல் மரபையே அறியாத வெள்ளையர் ஒருவரைத் தெருவிலிருந்து அழைத்து வந்து அமர்த்துவதும் உண்டு. பாட்டின் மொழி விளங்காமல், தூக்கக் கலக்கத்துடன் அவர் அளித்த தீர்ப்பை எல்லாரும் ஏற்றனர்.

சாலமன் முதலில் தம் உறவினர் நடத்திய 'ஈவினிங் பேர்ட்ஸ்', அதாவது அந்திப் பறவைகள், என்னும் குழுவில் பாடினார். 1933இல் அது கலைந்தது. அவர் அதே பெயரில் புதிய குழு ஒன்றை அமைத்தார். அறுவர் கொண்ட குழு. அனைவரும் பொமராய்ப் பக்கத்தவர். கோடிட்ட கோட்டும் பளபளக்கும் காலணியும் தொப்பியும் அணிந்து அவர்கள் மேடையேறினர். வார நாள்களில் பிறர் ஏவலைச் செய்த கைகள், சனிக்கிழமை இரவில் கனவான்களின் கைகளாயின.

உடையினும் மேலான புதுமை அவர்கள் குரலில் இருந்தது. அக்காலக் குழுக்களில் நான்கு குரல்நிலைகளுக்கும் ஏறக்குறைய ஒரே எடை. சாலமன் கீழ்க்குரல் பாடுவோரை மூவராக்கினார். நிலத்தின் அடியிலிருந்து எழுவது போன்ற அம்முழக்கத்தின் மேல், அவர் தம் உச்சக் குரலைத் தனியே பறக்க விட்டார். உயரமான அம்மனிதரிடமிருந்து பெண்குரல் போன்ற மெல்லிய நாதம் எழுந்தபோது கேட்டோர் வியந்தனர்.

அந்நாளில் எரிக் காலோ என்பவர் ஜொகன்னஸ்பர்க்கில் ஓர் ஒலிப்பதிவுக்கூடம் நடத்தினார். அவரிடம் பாடகர்களைத் தேடித்தரும் பணியில் இருந்தவர் கிரிஃபித் மொட்சியெலோவா என்னும் கறுப்பினக் கலைஞர். அவர் வழியாக 1939ஆம் ஆண்டு அந்திப் பறவைகள் ஒலிவாங்கியின் முன் நின்றனர். பாடவிருந்த பாட்டின் பெயர் 'ம்பூபே'. ஜூலு மொழியில் அதற்குச் சிங்கம் என்று பொருள். சொற்கள் மிகச் சில. கீழ்க்குரல்கள் அவற்றையே மீண்டும் மீண்டும் இசைக்கும்.

அக்காலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடமே அடங்கும். இடையில் வெட்டி ஒட்டும் வசதி கிடையாது. தவறினால் தொடக்கத்திலிருந்து பாட வேண்டும். முதல் முயற்சி நிறைவளிக்கவில்லை. துணைக்கு இசைக்கருவிகள் சேர்க்கப்பட்டன. மூன்றாம் முறை பாடும்போது, பாட்டு முடியும் தறுவாயில், சாலமன் ஒத்திகையில் இல்லாத ஒன்றைச் செய்தார். உச்சக் குரலில் புதியதொரு மெட்டை அந்த நொடியிலேயே எடுத்துப் பாடினார். சில நொடிகளே நீடித்த அம்மெட்டுதான் இன்று உலகம் முணுமுணுக்கும் மெட்டு. தாளில் எழுதப்படாமல், மூச்சில் பிறந்து நேரே தட்டில் பதிந்த இசை அது.

அக்காலத் தட்டுகள் அவலரக்கால் ஆனவை. அரக்குப் பூச்சிகள் மரக்கிளைகளில் சுரக்கும் பிசினே அதன் மூலப்பொருள். உலகத்துக்கு அதனைப் பெரிதும் வழங்கியது நம் இந்தியா. குறிப்பாக இன்றைய ஜார்கண்ட் பகுதியின் காடுகள். உலக இசையெல்லாம் ஒரு காலத்தில் இந்தியக் காட்டு அரக்கின்மேல்தான் சுழன்றது.

'ம்பூபே' பெரும்புகழ் பெற்றது. அடுத்த பத்தாண்டுகளில் ஏறத்தாழ ஓர் இலட்சம் தட்டுகள் விற்றன. அவ்வகைப் பாடலுக்கே 'ம்பூபே' என்று பெயர் நிலைத்தது. அதன் வழித்தோன்றலான 'இசிகத்தமியா', மெல்ல அடியெடுத்து வைத்து ஆடிப் பாடும் கலையாக வளர்ந்தது. 1986இல் பால் சைமனின் 'கிரேஸ்லேண்ட்' தொகுப்பில் பாடி உலகப் புகழ் பெற்ற லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ குழுவினரும் இம்மரபினரே.

பாட்டைப் படைத்தவருக்குக் கிடைத்தது என்ன? பத்து ஷில்லிங். அத்தொகைக்குப் பாட்டின் உரிமை முழுவதும் காலோ நிறுவனத்தின் கைக்குச் சென்றது. ஒரு படைப்பு விற்கும்போதெல்லாம் படைத்தவருக்குச் சேர வேண்டிய பங்கை உரிமைத்தொகை என்பர். அத்தகைய ஒன்று உண்டென எடுத்துரைக்க அவர் பக்கத்தில் எவரும் இல்லை. அவருக்கு அந்நிறுவனத்தில் சிப்பம் கட்டும் வேலை கிடைத்தது. தம் குரல் அடங்கிய தட்டுகள் விற்பனைக்குப் போகும் இடத்திலேயே அவர் கூலிக்கு உழைத்தார்.

பாட்டோ கடல் கடந்தது. அமெரிக்காவில் நாட்டுப்புற இசை சேகரித்த ஆலன் லோமாக்ஸ் அத்தட்டைப் பீட் சீகர் என்னும் பாடகரிடம் கொடுத்தார். நோயுற்றுப் படுத்திருந்த சீகர், அதனைப் பன்முறை கேட்டு எழுதிக்கொண்டார். சாலமன் குழுவினர் பாடிய 'உயிம்பூபே' என்ற சொல் அவர் செவியில் 'விமோவே' என விழுந்தது. செவிப்பிழையே பெயராயிற்று. சீகரின் 'வீவர்ஸ்' குழு பாடிய 'விமோவே' 1952இல் அமெரிக்க வானொலிகளில் ஓயாது ஒலித்தது. தட்டில் ஆசிரியராக அச்சிடப்பட்ட பெயர் பால் கேம்ப்பெல். அப்படி ஒரு மனிதரே இல்லை. பதிப்பாளர்கள் வைத்த புனைபெயர் அது. ஆப்பிரிக்கப் பாட்டென்றால் ஊர்ப்பாட்டு, ஊர்ப்பாட்டென்றால் உடையவர் இல்லாதது என்ற எண்ணமே அன்று பரவியிருந்தது. உண்மையில் அத்தட்டின்மேல் சாலமன் லிண்டாவின் பெயர் தெளிவாகவே அச்சிடப்பட்டிருந்தது. சீகர் பின்னர் சாலமனுக்கு ஆயிரம் டாலர் அனுப்பினார். அது நல்லெண்ணம், உரிமை அன்று.

1961இல் 'டோக்கன்ஸ்' என்னும் இளைஞர் குழுவுக்காக ஜார்ஜ் டேவிட் வைஸ் என்பவர் ஆங்கிலச் சொற்களை எழுதினார். அச்சொற்களை அவர் பொருத்தியது, மூன்றாம் முயற்சியின் இறுதியில் சாலமன் பாடிய அதே மெட்டில்தான். உறங்கும் சிங்கத்தைப் பற்றிய அப்பாட்டு அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

அந்நேரம் சாலமன் நோயாளியாக இருந்தார். 1959இல் மேடையில் பாடிக்கொண்டிருந்தபோதே சரிந்து விழுந்தவர் அவர், சிறுநீரகங்கள் செயலிழந்திருந்தன. 1962ஆம் ஆண்டு, தம் ஐம்பத்து மூன்றாம் வயதில், அவர் மறைந்தார். வங்கிக் கணக்கில் இருபத்தைந்து டாலருக்கும் குறைவான தொகையே எஞ்சியிருந்தது. சொவெட்டோவில் மண்தரை வீட்டில் மனைவியும் மக்களும் சோளக்கஞ்சி குடித்து வாழ்ந்தனர். கல்லறைக்கு ஒரு கல் நாட்டப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின.

பாட்டு மட்டும் ஓய்வின்றி உழைத்தது. 1994இல் திரைப்படத்திலும் இடம்பெற்றது. 2000ஆம் ஆண்டு ரியான் மாலன் என்னும் தென்னாப்பிரிக்க இதழாளர் இவ்வரலாற்றை விரிவாக எழுதினார். பாட்டு ஈட்டியது ஒன்றரைக் கோடி டாலர் இருக்கலாம் என அவர் கணக்கிட்டார். அதன் பின்னரே வழக்கறிஞர்கள் முன்வந்தனர்.

கையொப்பம் இட்டுக் கொடுத்த உரிமையை மீட்பது எங்ஙனம்? ஓவன் டீன் என்னும் சட்ட அறிஞர் பழைய நூல்களைப் புரட்டினார். பிரித்தானியப் பேரரசின் 1911ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு விதி கிடைத்தது. படைப்பாளி உரிமையை யாருக்கு விற்றிருந்தாலும், அவர் இறந்து இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்ததும் அது அவர் வாரிசுகளிடம் திரும்ப வேண்டும் என்றது அவ்விதி. அச்சட்டம் பேரரசின் பகுதியான நம் நாட்டிலும் முன்பு நடைமுறையில் இருந்ததே. அதன்படி 1987 முதல் பாட்டு சாலமன் குடும்பத்துக்கு உரியது. கறுப்பின மக்களின் நிலத்தைப் பறித்த அதே காலத்துச் சட்டப் புத்தகங்களுள் ஒன்று, ஒரு கறுப்பினத் தொழிலாளியின் பாட்டைத் திருப்பித் தந்தது.

2004இல் டிஸ்னி நிறுவனத்தின்மேல் தென்னாப்பிரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. அயல்நாட்டு நிறுவனத்தை அந்நீதிமன்றத்துக்குக் கட்டுப்படுத்த, அந்நாட்டில் அதற்குள்ள உடைமை ஒன்றைப் பிணையாக்க வேண்டும். டிஸ்னி அங்கே பதிவு செய்திருந்த வணிகச் சின்னங்கள் பிணையாக்கப்பட்டன. அவற்றுள் மிக்கி எலியும் டொனால்டு வாத்தும் இருந்தன.

வழக்கு விசாரணைக்கு வருமுன்னரே, 2006ஆம் ஆண்டு பிப்ரவரியில், பாட்டின் உரிமையை வைத்திருந்த பதிப்பக நிறுவனத்துடன் உடன்பாடு ஏற்பட்டது. முந்தைய பயன்பாட்டுக்கு ஈட்டுத்தொகையும் தொடர்ந்து உரிமைத்தொகையும் வழங்க அந்நிறுவனம் இசைந்தது. பணத்தைக் காக்க ஓர் அறக்கட்டளை அமைந்தது. சாலமனின் மனைவி அதனைக் காணாமலே 1990இல் மறைந்திருந்தார். மகள்களுள் ஒருவரும் வழக்குக்கு முன்னரே நோயால் இறந்துவிட்டார். எஞ்சிய மூவரும் தந்தையின் பங்கைப் பெற்றனர். சிங்கம் உறங்கும் அப்பாட்டை ஆக்கியோருள் ஒருவர் சாலமன் லிண்டா என்பதும் அவ்வுடன்பாட்டில் ஏற்றுக்கொள்ளப்பட்டது.